ஈ.சி. என்றால் எந்த ஈ.சி.? – ஒப்பந்தம் எழுதித் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் ஒப்பந்தமும் பத்திரமும் எழுதித் தரும் வழக்கறிஞர்களுக்கும், ஆவண எழுத்தர்களுக்கும், கட்டுமான நிறுவனங்கள், வங்கிகளின் சட்டப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கும்,

வணக்கம்.

தம்புச் செட்டித் தெருவில் தட்டச்சுக் கடை வைத்திருப்பவள் நான். 26 வருடமாக இதே தொழில்தான். முதலில் தட்டச்சு மட்டும் செய்தேன். பிறகு ஆங்கிலப் பத்திரத்தைத் தமிழிலும் தமிழ்ப் பத்திரத்தை ஆங்கிலத்திலும் பெயர்த்துத் தர ஆரம்பித்தேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். உயர் நீதிமன்றத்துப் பக்கமிருந்து கோப்போடு வேக வேகமாக வந்து, "அம்மா, நாலு மணிக்குள்ள வேணும்" என்று வைத்துவிட்டுப் போவீர்களே, அந்த வரைவுகளைத்தான் நாள் முழுக்கப் படிக்கிறேன். யார் எந்தப் பத்தியை எந்தப் பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டுகிறீர்கள் என்பதுகூட எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். அந்தப் பழக்கத்தின் உரிமையில் இதை எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். ஒப்பந்தத்தில் நீங்கள் போடுகிற இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சுருக்கங்கள் உங்களுக்கு ஒன்றைச் சொல்கின்றன, கீழே கையெழுத்துப் போடுகிறவருக்கு வேறொன்றைச் சொல்கின்றன. தயவுசெய்து அவற்றை விரித்து எழுதுங்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு மடலா என்று நினைக்காதீர்கள். இந்தச் சின்ன விஷயத்தில் என் அக்கா குடும்பம் அடிபட்டிருக்கிறது. அதில் என் பங்கும் உண்டு.

2014-ல் அக்காவும் மாமாவும் பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூரைத் தாண்டி, ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டத்தில் வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். 42 பக்க ஒப்பந்தம், முழுக்க ஆங்கிலம். மாமாவுக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும், அக்காவுக்குச் சுத்தமாக வராது. கையெழுத்துப் போடுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரியில் அவர்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான்தான் வரி வரியாகப் படித்துச் சொன்னேன். நாலாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'நிறுவனம் 30 ஆண்டுகளுக்கான ஈ.சி.யை வாங்குபவரிடம் அளித்துள்ளது.' சரிதான், கோப்பிலேயே சார்பதிவாளர் முத்திரையோடு வில்லங்கச் சான்று இருந்தது, கையில் எடுத்துக் காட்டினேன். பதினேழாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'ஈ.சி. கிடைத்த நாளிலிருந்து 36 மாதங்களுக்குள் வீடு ஒப்படைக்கப்படும்.'

"ஈ.சி.தான் கையிலேயே இருக்கேக்கா. இன்னையிலேர்ந்து மூணு வருஷம்னு வச்சுக்கோ" என்றேன். மாமா எழுந்துபோய் ஆணியில் தொங்கிய காலண்டர் அட்டையைத் திருப்பி, பின்பக்கம் '2017 மே' என்று எழுதி வட்டம் போட்டார்.

பதினேழாம் பக்கத்து ஈ.சி. வில்லங்கச் சான்று இல்லை. அது சுற்றுச்சூழல் அனுமதி. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் போகிற திட்டங்களுக்கு, 2006-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையின்படி வாங்கியே ஆக வேண்டிய அனுமதி. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வில்லங்கம் கேட்ட கையோடு வந்துவிடும். இது விண்ணப்பம், குழுக் கூட்டம், கூடுதல் விளக்கம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். அக்கா வாங்கிய திட்டத்துக்கு அது 2015 நவம்பரில்தான் வந்திருக்கிறது.

2017 ஏப்ரலில் வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிட்டு, பையனுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் இடமும் வாங்கிவிட்டு, இருவரும் கட்டடத்தைப் பார்க்கப் போனார்கள். இரண்டாவது தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் இருந்த பையன் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், ஈ.சி. வந்ததே 2015 நவம்பர்லதானே? இன்னும் ஒன்றரை வருஷம் டயம் இருக்கே" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் மேஜையில் ஈ.சி. என்றால் அதுதான். அவனுக்குப் பக்கத்து மேஜையில், விற்பனைப் பிரிவில், ஈ.சி. என்றால் வில்லங்கம். ஒரே ஒப்பந்தத்தில் முன்பாதியை ஒரு மேஜையும் பின்பாதியை இன்னொரு மேஜையும் எழுதியிருக்கின்றன. இரண்டையும் சேர்த்துத் தைத்தவர் ஒருமுறை முழுக்கப் படித்திருந்தால் போதும்.

19 மாதம் வாடகையும் கட்டி, வங்கிக்கு வட்டியும் கட்டினார்கள். பையன் வேளச்சேரியிலிருந்து தினமும் காலை ஆறேகாலுக்கு வேனில் ஏறினான். இத்தனைக்கும் அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தொழிலே இதுவாக இருக்கிற நான், நாலாம் பக்கத்துப் பொருளைப் பதினேழாம் பக்கத்துக்கும் அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

இந்தப் பிரச்சினை சட்டத்துக்குத் தெரியாததல்ல. 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 98-ஆம் பிரிவில் 'சுருக்கங்கள்' என்றே எழுதியிருக்கிறார்கள்: ஆவணத்தில் உள்ள சுருக்கத்துக்கு என்ன பொருள் என்று காட்டச் சாட்சியம் கொடுக்கலாம். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் அது 101-ஆம் பிரிவு. அதற்கு அவர்கள் தந்த உதாரணத்தை நீங்கள் கல்லூரியில் படித்திருப்பீர்கள். ஒரு சிற்பி, 'என் மாட்ஸ் அனைத்தையும்' விற்பதாக எழுதிக் கொடுக்கிறான். அவனிடம் மாடல்களும் இருக்கின்றன, மாடல் செய்யும் கருவிகளும் இருக்கின்றன. எதை விற்றான்? கற்பனைச் சிக்கல் என்று தள்ள முடியாது. 1823-ல் இறந்த ஜோசப் நோலகென்ஸ் என்ற லண்டன் சிற்பியின் உயிலில் இருந்த 'மாட்' (mod) என்ற மூன்றெழுத்துக்காக அவருடைய உதவியாளர் நீதிமன்றப் படியேறினார். எழுதியவர் மண்ணுக்குள் போய்விட்டார். மூன்றெழுத்து மட்டும் சண்டைக்கு நின்றது.

அந்த உதாரணத்தைப் படிக்கிற போதெல்லாம் எனக்கு நம் வங்கிக் கிளைகள் ஞாபகம் வரும். 'எம்.ஓ.டி.' என்று அதே மூன்றெழுத்தை அங்கேயும் சொல்கிறார்கள். "கடன் சாங்ஷன் ஆயிடுச்சு, எம்.ஓ.டி. மட்டும் போட்டுடுங்க" என்பார்கள். உரிமை ஆவணங்களை ஒப்படைத்ததற்கான குறிப்பாணை அது, அதாவது வீட்டை அடமானம் வைத்ததற்கான எழுத்து. மூலப் பத்திரத்தைக் கடன் கொடுத்தவர் கையில் கொடுத்தாலே அடமானம் ஆகிவிடும் இந்த முறையை 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் முதலில் கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் போன்ற சில ஊர்களுக்குத்தான் தந்தது. அந்த அளவுக்கு நம் ஊரோடு பழகிய விஷயம். ஆனாலும் கணவரோடு வந்து கையெழுத்துப் போடுகிற பெண்களில் எத்தனை பேருக்கு, தாங்கள் இப்போது வீட்டை அடமானம் வைக்கிறோம் என்று அந்த மூன்றெழுத்திலிருந்து தெரியும்? 'அடமானம்' என்ற சொல் பாட்டி காலத்திலிருந்து எல்லாருக்கும் தெரியும். அதைச் சொன்னால் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார்கள். அந்த ஒரு நிமிடத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.

அதே 1872-ல் வந்த ஒப்பந்தச் சட்டம், இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஏற்றுக்கொண்டால்தான் அது இசைவு என்கிறது. அதன் 29-ஆம் பிரிவில் ஓர் உதாரணம் உண்டு. 'நூறு டன் எண்ணெய்' விற்பதாக ஒருவன் எழுதிக் கொடுக்கிறான், என்ன எண்ணெய் என்று தெரியவில்லை, ஒப்பந்தம் செல்லாது. ஆனால் அவன் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கிற வியாபாரி என்றால் செல்லும், ஏனென்றால் அவன் தொழிலே பொருளைச் சொல்லிவிடுகிறது.

இந்த உதாரணத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். சுருக்கம் என்பதும் இப்படித்தான் பிறக்கிறது. ஒரே தொழிலில் இருப்பவர்கள் தினமும் பத்து முறை சொல்ல வேண்டிய நீளமான பெயரைச் சுருக்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்குள் குழப்பமே வராது. தேங்காய் எண்ணெய் வியாபாரி இன்னொரு தேங்காய் எண்ணெய் வியாபாரியிடம் 'எண்ணெய்' என்றால் போதும். ஒப்பந்தமோ பெரும்பாலும் இரண்டு வேறு தொழில்கள் சந்திக்கிற இடம். கட்டுகிறவர் ஒரு தொழில், குடிபோகிறவர் வேறொரு தொழில். எழுதுகிறவரின் தொழில் சொல்லுக்குத் தருகிற பொருள் படிக்கிறவரின் தொழிலில் இல்லை. படிக்கிறவருக்குப் பொருள் தெரியாமல் போனால்கூடப் பரவாயில்லை, கேட்டுத் தெரிந்துகொள்வார். அவருக்கு வேறு பொருள் தெரிந்திருக்கிறது. அதனால் அவர் கேட்பதே இல்லை. என் அக்கா வீட்டுக் கூடத்தில் நடந்தது அதுதான்.

மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் ஒரு பெண்மணி, புரசைவாக்கத்தில் அவருக்கும் தம்பிக்கும் பொதுவாக இருந்த அப்பா வீட்டை விற்பது பற்றித் தம்பியோடு வாட்ஸப்பில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். தம்பி எழுதுகிறார்: "அக்கா, எஸ்.பி.ஏ. ரெடி. கையெழுத்துப் போட்டு அனுப்பு." அக்காவுக்கு நிம்மதி. மலேசியாவில் எஸ்.பி.ஏ. என்றால் வீட்டு விற்பனை ஒப்பந்தம். விலை, தவணை, நாள் எல்லாம் அதில் இருக்கும். இங்கே எஸ்.பி.ஏ. என்றால் ஸ்பெஷல் பவர், அதாவது குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கு இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். கம்பெனிச் சட்டம் பார்க்கிற வக்கீல்களிடம் கேட்டால், பங்கு வாங்கும் ஒப்பந்தம் என்பார்கள். அந்த அம்மா படிக்காமலே போட்டிருப்பார், அவ்வளவு நம்பிக்கை தம்பி மேல். யாரோ சொல்லி என்னிடம் தமிழ் கேட்டு அனுப்பினார்கள். போனில் படித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தி, "வெலை எங்கம்மா போட்டிருக்கு?" என்றார். விலை இல்லை, அது அதிகாரப் பத்திரம் என்றேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அந்தத் தம்பியும் ஏமாற்ற நினைத்தவர் இல்லை. இருந்தாலும், விற்பனைக்கு விலை பேசியாகிவிட்டது என்று ஒருவரும், பேசவே அதிகாரம் கேட்கிறோம் என்று ஒருவரும் ஒரே மூன்றெழுத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் பேசியிருக்கிறார்கள். பிறகு இருவரும் பழையபடி பேசிக்கொள்கிறார்களா என்று நான் கேட்டதில்லை.

அலுவலக வளாகம் ஒன்றுக்கு லாரித் தண்ணீர் கொடுக்கிறவரோடு போட்ட ஒப்பந்தம் இன்னொன்று. மூன்றாம் பத்தியில் தண்ணீரின் டி.டி.எஸ். 500-க்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு. குடிநீர்த் தரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பது ஏற்கத்தக்க எல்லை. ஏழாம் பத்தியில் 'டி.டி.எஸ். விதிப்படி, வழங்குபவர் பொறுப்பு' என்று இருந்தது. அது வருமான வரிப் பிடித்தம். லாரிக்காரருக்கு அந்த ஊசி மாதிரி மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிற டி.டி.எஸ். நன்றாகத் தெரியும். மீட்டர் செலவு நம்முடையது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். முதல் மாதப் பணத்தில் பிடித்தம் ஆனதும் கையில் அந்தக் காகிதத்தோடு என் கடைக்கு வந்து நின்றார். "தண்ணி நல்லாத்தானேம்மா இருக்கு, எதுக்கு டி.டி.எஸ். பிடிக்கிறாங்க?" வரிக்கணக்கு தாக்கல் செய்தால் அது அவருக்கே திரும்ப வரவும் வாய்ப்பு உண்டு என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரத்தை ஒப்பந்தத்தில் இரண்டே சொற்கள் மிச்சப்படுத்தியிருக்கும்.

சுருக்கம் ஆங்கிலத்தில் இருந்தால்தான் ஆபத்து என்று எண்ண வேண்டாம். ஆவண எழுத்தர் ஐயாமார்களே, இது உங்களுக்கு. 'பு.எண் 27' என்று ஒரு பத்திரம். சென்னையில் ஒவ்வொரு கதவுக்கும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருப்பதால் 'பு.எண்' என்றால் புதிய எண். பட்டா பார்க்கிறவர்களுக்கோ 'பு.எண்' என்றால் புல எண், அதாவது சர்வே எண். அந்தப் பத்திரத்தை வங்கிக்காக ஆங்கிலத்தில் பெயர்த்த யாரோ கதவு எண்ணைச் சர்வே எண்ணாக்கிவிட்டார்கள். பிறகு அந்த ஆங்கிலப் பிரதியைப் பார்த்தே அடுத்த பத்திரத்தின் சொத்து விவரமும் எழுதப்பட்டது. சொத்தை அடையாளம் காணப் போதிய விவரம் இல்லாத ஆவணத்தைப் பதிவுக்கு ஏற்கக் கூடாது என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. இங்கே விவரம் இருந்தது, ஆனால் வேறு யாருடைய நிலத்துக்கோ பொருந்தியது. பிழைத்திருத்தல் பத்திரம் போட, விற்றவர் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வர வேண்டியதாயிற்று. 74 வயது. சார்பதிவாளர் அலுவலக நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். 'புதிய' என்ற மூன்றெழுத்தை எழுத மனம் வராமல் ஒரு புள்ளி வைத்ததன் விலை அது.

நம் முன்னோரும் சுருக்கி எழுதினார்கள். பழைய பத்திரங்களில் '௸' என்று ஒரு குறி வரும், மேற்படி என்று பொருள். '௹' ரூபாய், '௵' வருடம், '௴' மாதம். என்னிடம் தமிழ்ப் பத்திரம் கொண்டுவரும் பெரியவர்கள் அதைத் தடவிப் பார்த்துச் சரளமாகப் படிப்பார்கள். அந்தக் குறிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரே பொருள்தான். எந்தக் கணக்குப்பிள்ளை எழுதினாலும் எந்த ஊரில் படித்தாலும் ௸ மேற்படிதான். ஆகவே சுருக்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரு குறிக்கு ஒரு பொருள் என்ற ஒழுங்கு அங்கே இருந்தது. அதைத்தான் கேட்கிறேன்.

அந்த ஒழுங்கை இன்றும் ஓரிடத்தில் பார்க்கலாம். பெரியமேட்டில் தோல் வியாபாரம் செய்யும் ஒருவருக்கு அமெரிக்காவிலிருந்து வந்த வரைவில் 'எஃப்.ஓ.பி. நியூயார்க்' என்று இருந்தது. 30 வருடமாகச் சென்னைத் துறைமுகத்தில் எஃப்.ஓ.பி. என்றால், சரக்கு இங்கே கப்பலில் ஏறியதும் விற்றவர் பொறுப்பு முடிந்தது என்றுதான் அவருக்குத் தெரியும். அமெரிக்காவின் வணிகச் சட்டத் தொகுப்பில் அதே மூன்றெழுத்தோடு போய்ச் சேரும் ஊரின் பெயரைச் சேர்த்துவிட்டால், அந்த ஊர் வரைக்கும் சரக்குக்கு விற்றவரே பொறுப்பு. நடுக்கடலில் பெட்டி நனைந்தால் நஷ்டம் பெரியமேட்டுக்காரருக்கு. அவருடைய வக்கீல் அதை அடித்துவிட்டு, 'எஃப்.ஓ.பி. சென்னைத் துறைமுகம், இன்கோடெர்ம்ஸ் 2020' என்று எழுதினார். பன்னாட்டு வணிகச் சபை 'இன்கோடெர்ம்ஸ்' என்ற பெயரில் 1936 முதல் இந்தச் சொற்களுக்குப் பொருள் வரையறுத்து வருகிறது. 2020 பதிப்பில் இவை 11. எந்த அகராதி, எந்த வருடத்து அகராதி என்று சுருக்கத்துக்குப் பக்கத்திலேயே சொல்லிவிட்டால் சண்டைக்கு இடமில்லை. கடல் கடந்து வியாபாரம் செய்கிறவர்களுக்கு இந்தக் கவனம் கிடைக்கிறது. பல்லாவரத்தில் ஐந்நூறு சதுர அடி வாங்குகிறவருக்கும் அது கிடைக்க வேண்டாமா?

கட்டுமான நிறுவனங்களின் சட்டப் பிரிவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் எடுத்தாளும் மாதிரிகள் பலவும் மும்பையிலும் பெங்களூரிலும் எழுதப்பட்டவை. 'ஓ.சி. கிடைத்ததும் சாவி தரப்படும்' என்று அவற்றில் வரும், ஓ.சி. என்றால் குடியேற்றச் சான்று. சென்னையில் வாங்குகிறவர் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் (சி.எம்.டி.ஏ.) போய் நின்று கேட்டால் அவர்கள் தருவது பணி நிறைவுச் சான்று. 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டம், அதாவது வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டம், பணி நிறைவுச் சான்றையும் குடியேற்றச் சான்றையும் தனித்தனியாகவே வரையறுக்கிறது. ஊருக்கு ஊர் பெயர் மாறலாம். இந்த ஊர் அலுவலகத்தில் எந்தப் பெயரில் காகிதம் தருகிறார்களோ அந்தப் பெயரை எழுதுங்கள். தொழிற்சாலைப் பணி ஒப்பந்தங்களில் 'சி.எல்.' என்பது தொழிலாளிக்குத் தற்செயல் விடுப்பு, நிர்வாகத்துக்கு ஒப்பந்தத் தொழிலாளி. இப்படி எழுதிக்கொண்டே போகலாம், போதும்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஒரு சுருக்கம் முதன்முதலில் வரும் இடத்தில் முழுப்பெயரை எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறவர் தமிழர் என்றால் தமிழ்ப் பெயரையும் சேருங்கள். ஒரு ஆவணத்துக்குள், பின்னிணைப்பு உட்பட, ஒரு சுருக்கத்துக்கு ஒரே பொருள் இருக்கட்டும். பின்னிணைப்பை வேறு பிரிவு எழுதுகிறது என்றால் கடைசியில் யாராவது ஒருவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியமாக, எந்த நாளிலிருந்து கணக்கு, யார் எவ்வளவு கட்ட வேண்டும், நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு, இந்த மூன்றில் ஒன்று வருகிற வரியில் சுருக்கமே வேண்டாம். வரையறைப் பகுதியில் சொல்லியிருந்தாலும் வேண்டாம். ஆறாம் பக்கத்து வரையறையை விரலால் பிடித்துக்கொண்டு இருபதாம் பக்கத்தைப் படிக்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கிறது, சாதாரண மனிதர்களுக்கு இல்லை.

பக்கம் கூடிவிடும் என்று ஒரு வக்கீல் சார் சொன்னார். ஒரு நாள் கடை சாத்தின பிறகு அக்காவின் ஒப்பந்தத்தை எடுத்து எல்லாச் சுருக்கத்தையும் விரித்து அடித்துப் பார்த்தேன். 42 பக்கம் 43-ஐத் தாண்டி நாலு வரி போயிற்று. அவ்வளவுதான். தட்டச்சுப் பொறிக் காலத்தில், முத்திரைத்தாளில் இடம் அடக்கி அடிக்க வேண்டியிருந்தபோது சுருக்கியதற்கு ஒரு நியாயம் இருந்தது. அந்தப் பொறியில் நானும் அடித்திருக்கிறேன். இப்போது கணினியில் ஒரு முறை சொன்னால் எல்லா இடத்திலும் அதுவே மாற்றிக்கொள்கிறது.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா" என்பது அடுத்த பதில். அக்கா விஷயத்துக்குப் பிறகு, ஐயம் வருகிற ஒவ்வொரு சுருக்கத்துக்கும் எழுதியவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்கிறேன். பாதிப் பேர் இப்படித்தான் சலித்துக்கொள்கிறார்கள். சிலர் யோசித்துவிட்டு, "இருங்க, ஜூனியரைக் கேட்டுச் சொல்றேன்" என்கிறார்கள். எழுதியவருக்கே கேட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் கையெழுத்துப் போடுகிறவர் யாரைக் கேட்பார்? வழக்கு வந்தால் சாட்சியம் கொடுத்துப் பொருள் காட்டலாம் என்று சட்டம் சொல்வது உண்மை. அக்காவுக்கும் ஒரு வழக்கறிஞர் அதைத்தான் சொன்னார். வாடகையும் வட்டியும் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் வழக்குக்கு எங்கே போவது? அவர்கள் போடவில்லை.

இப்போது என் மேஜையில் 31 பக்க ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. பெரம்பூர்ப் பக்கம் ஒரு வீடு. வாங்குகிறவர் ஓய்வு பெற்ற நர்ஸ், பணிக்கொடைப் பணம் முழுவதையும் இதில் போடுகிறார். 'சி.சி.' என்ற சுருக்கம் மூன்று இடத்தில் வருகிறது. ஐந்தாம் பக்கத்தில் வருவது பணி நிறைவுச் சான்று, சந்தேகமில்லை. இருபத்திரண்டாம் பக்கத்தில் வருவது அந்த நிலத்தின் மேல் நிறுவனம் வங்கியில் வாங்கியிருக்கும் கேஷ் கிரெடிட் கடன், அதுவும் தெளிவு. ஒன்பதாம் பக்கத்தில், 'சி.சி. தொடர்பான நடைமுறை முடிந்த 15 நாட்களுக்குள் வாங்குபவர் மீதித் தொகை முழுவதையும் செலுத்த வேண்டும்' என்று இருக்கிறது. கட்டடம் முடிந்து சான்று வந்த பிறகு கட்டச் சொல்கிறீர்களா, வங்கிக் கடன் அடைபட்டதுமே கட்டச் சொல்கிறீர்களா?

எழுதியவரை நேற்றும் இன்றும் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அந்த அம்மா வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைக்கு வருகிறார். அதற்குள் ஒன்பதாம் பக்கத்து சி.சி. எது என்று சொல்லிவிடுங்கள். முழுப்பெயரை நானே அடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தம்புச் செட்டித் தெரு மொழிபெயர்ப்பாளர்,
பாரிமுனை, சென்னை.